ஒரே நம்பரில் இரண்டு கீபோர்டு

திண்டிவனம் மரக்காணம் கூட்ரோட்டில், பரோட்டா கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே ‘சவுரி கம்ப்யூட்டர்ஸ்’ இருக்கிறது. பலகையில் உரிமையாளர் பெயருக்குக் கீழே ‘யூஎஸ்பி வல்லுநர்’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். இந்தப் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தருவதில்லை. சவுரிராயன் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டார். வழங்க வேண்டியவர்கள் முன்வந்திருந்தால் அவருக்கு இந்தச் சிரமம் வந்திருக்காது.

அன்னாரின் வாழ்க்கை 1993-இல் தொடங்குகிறது. பிறந்தது அதற்கு இருபது வருடம் முன்பு. ஆனால் அந்த இருபது வருடத்தில், பிளஸ் டூ கணக்கில் இரண்டு முறை தோற்றதைத் தவிர, வரலாற்றில் ஏறும்படி அவர் ஒன்றும் செய்யவில்லை. அந்த வருடம் தென்னார்க்காட்டை இரண்டாகப் பிரித்து விழுப்புரத்தைத் தலைநகர் ஆக்கினார்கள். தலைநகர் என்றால் கம்ப்யூட்டர் சென்டர் இல்லாமல் நன்றாக இருக்காது என்று யாரோ ஒரு புண்ணியவான் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் மாடியில் ஒன்றைத் திறந்தார். ஏசி அறை, மூன்று கம்ப்யூட்டர், வாசலில் ‘செருப்பைக் கழற்றவும்’ என்று ஓர் அட்டை.

சவுரிராயனுக்கு அந்த அட்டை புதிதில்லை. அவர் சலேத்துக்குப்பம் காலனிக்காரர். மேலத்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த அப்பாவுக்குப் பிறந்தவர். பழக்கதோஷத்தில் கழற்றினார். திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்த தாசில்தார் மகனும் குனிந்து கழற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அரிசி மில்காரர் பிள்ளை. மூவர் செருப்பும் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர் ஊர் சலேத்து மாதா கோயிலில்கூடச் செருப்பு விடும் இடம் இரண்டு. தூசிக்குப் பயந்துதான் அந்த அட்டை என்று பிறகு சொன்னார்கள். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. சவுரிராயன் கம்ப்யூட்டரை மனதாரக் கும்பிட ஆரம்பித்திருந்தார்.

விழுப்புரம் மாவட்டத்துப் பேருந்தில் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“சலேத்துக்குப்பம்ங்க.”

“அதுல எந்தப் பக்கம்?”

“கோயிலாண்டங்க.”

“கோயிலாண்டன்னா... பம்புசெட்டுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?”

மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான், சீட்டில் எவ்வளவு நகர்ந்து உட்காருவது, கையிலுள்ள வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, நீட்டுவதா, மடித்துப் பையில் வைப்பதா என்ற முடிவுகள் எடுக்கப்படும். எல்லாம் மிகுந்த மரியாதையோடு நடக்கும்.

இப்படிப்பட்ட மாவட்டத்துக்கு யூஎஸ்பி வந்தது. அதற்கு முன்பெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பொருளைச் சேர்ப்பதென்றால், அது இன்னது என்று நாம்தான் கம்பி மாற்றி, எண் போட்டு, மன்றாடிச் சொல்ல வேண்டும். யூஎஸ்பி பொருளோ சொருகியவுடன் தானே வாய் திறந்து சொல்லிவிடும்: இன்ன கம்பெனி செய்தது, நான் இன்ன பொருள், என் எண் இது. கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்பும். அந்தப் பொருளோடு பேசத் தெரிந்த நிரலை, அதாவது டிரைவரை, அழைத்து எதிரே உட்கார வைத்துவிடும். அவ்வளவுதான். எந்தப் பக்கம் என்று கேட்காது. முதல் முறை ஒரு மவுஸைச் சொருகிப் பார்த்துவிட்டு, சவுரிராயன் அதைப் பிடுங்கி மறுபடி சொருகினார். மறுபடியும் கேட்கவில்லை. கடை திறக்க அன்றே முடிவு செய்தார்.

கடைக்கு வந்த பொருள்களோ அவருடைய பக்தியைச் சோதித்தன. யூஎஸ்பியில் ஒரு பொருள் தன்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம், தடுப்பார் இல்லை. முப்பத்திரண்டு ஜிபி என்று மார்தட்டும் பென் டிரைவுக்குள் இரண்டுதான் இருக்கும். இன்டர்நெட் டாங்கிள் ஒன்று, ‘நான் சிடி’ என்று சாதித்துக்கொண்டு நிற்கும். விரல் ரேகை எடுக்கும் கருவி தன்னை ஜாய்ஸ்டிக் என்று அறிமுகம் செய்துகொள்ளும். கம்ப்யூட்டரும் அதை நம்பி விளையாடக் கூப்பிடும். சொல்வது ஒன்று, இருப்பது ஒன்று என்ற இந்த வழக்குகளைத் தீர்த்து வைப்பதில்தான் அவர் பெயர் வாங்கினார். “அது வாய ஏன் நம்புறீங்க? உள்ள கீற சிப்பக் கேளுங்க” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். காசு வாங்கும்போது மட்டும் கொஞ்சம் ஆங்கிலமும் சேரும்.

மேலத்தெருவிலும் கம்ப்யூட்டர்கள் வந்தன. வந்தால் கெடும். கெட்டால் சவுரிராயனைக் கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிட்டால் வீட்டுக்குள் வருவாரே, அது எப்படி? சலேத்துக்குப்பம் மேலத்தெரு இதற்குக் கண்ட வழியை உலகின் எந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியும் யோசித்திருக்காது. சிபியு வாசலைத் தாண்டி வெளியே வந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளும். வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, சவுரிராயன் அங்கேயே பிரித்துப் பார்ப்பார். மிஷின் ஓடாத வரை அவர் “சவுரி தம்பி”. ஓட ஆரம்பித்ததும் “டேய் சவுரி, ஸ்டூல எடுத்து ஓரமா வச்சிட்டுப் போ”. இதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை என்று சொல்லிக்கொள்வார். “நமக்கு மிஷினு முக்கியம்” என்பார். உலகத்தை மாற்ற முடியாதவர்கள் சொல்வதற்கென்றே இப்படிச் சில வாக்கியங்கள் இருக்கின்றன.

அவர் மனைவி இருதயசெல்வி இந்த வாக்கியங்களில் எதையும் சொல்வதில்லை. திண்டிவனத்தில் கன்னியர் விடுதியில் படித்தபோது சிஸ்டர்களிடம் ஆர்மோனியமும் ஆர்கனும் பழகியவர். இப்போது எல்கேஜி குழந்தைகளுக்கு டீச்சர். விரல் வைத்தால் சுவர் கேட்கும் என்று சிஸ்டர்களே சொன்ன கை. அந்தக் கை சலேத்துக்குப்பம் கோயிலில் பதினைந்து வருடமாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. காரணம், ஆர்கன் தொம்மை சாருடையது.

தொம்மை சார் மேலத்தெரு. ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். கல்யாணப் பூசையானாலும் சாவுப் பூசையானாலும் அவர் வாசிப்பில் லெஃப்ட் ரைட் கேட்கும். பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகிறவர்கள் தம்மை அறியாமல் கை வீசி நடப்பார்கள். அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு அவர் தம்பி மகன் என்று தெருவே முடிவு செய்து வைத்திருந்தது. வருடாவருடம் செப்டம்பரில் மாதா திருவிழா வரும். திருவிழாப் பூசையில் ஒரே ஒரு முறை வாசித்துவிட வேண்டும் என்பது இருதயசெல்வியின் ஆசை. பெரிய ஆசை ஒன்றுமில்லை. கோயில் தரையில் நடுவே ஓடும் சிவப்புக் கோட்டைத் தாண்டி பதினெட்டு அடி நடந்தால் ஆர்கன். அந்தக் கோடு இருந்த இடத்தில் முன்பு சுவர் இருந்தது. சுவரை இடித்துவிட்டார்கள். கோடு அழகாக இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

2011-இல் புதிய பங்குசாமியாராக ஜூட் சாமி வந்தார். பெங்களூரில் படித்தவர், சமத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர், எதையும் பொருள் வாங்கித் தீர்த்துவிடலாம் என்பதில் அதைவிட நம்பிக்கை உள்ளவர். அவர் வந்த மாதத்தில் ஆர்கனின் துருத்தியை எலி தின்றது. சாமி இதை இறைவனின் அழைப்பாக எடுத்துக்கொண்டார்.

“ஒரு கம்ப்யூட்டர், ரெண்டு கீபோர்டு” என்று கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையில் அறிவித்தார். வாசிக்கிற கீபோர்டு, தனியாகச் சத்தம் வராது, யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் சொருகினால் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் ஆர்கன் சத்தம் தரும். “மேலத்தெருவுக்கு ஒண்ணு, காலனிக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் சேந்து வாசிப்பாங்க. ஒரே ஸ்பீக்கர். ஒரே சபை.”

மேலத்தெருவின் சார்பில் பேரவைத் துணைத் தலைவர் சின்னதுரை எழுந்தார். ஒரே மாதிரி இருந்தால் ஆட்சேபணை இல்லை, காலனிக்குப் பெரிதாக வாங்கிவிடக் கூடாது என்றார். காலனியின் சார்பில் எழுந்தவர்களும் அதையே சொன்னார்கள், தெருவை மட்டும் மாற்றி. சலேத்துக்குப்பத்தின் வரலாற்றில் இரு தெருவும் ஒருமனதாக எடுத்த முதல் தீர்மானம் அது.

வாங்குவதற்குச் சென்னை ரிச்சி தெருவுக்கு இரு தரப்பிலிருந்தும் ஆள் போனார்கள். கடைக்காரர் நல்ல கம்பெனிக் கீபோர்டாக இரண்டை எடுத்து வைத்தார். நிறம் ஒன்று, கட்டை எண்ணிக்கை ஒன்று. சின்னதுரை பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். ஒன்றில் சீரியல் நம்பர் நாற்பத்தொன்றில் முடிந்தது, மற்றதில் நாற்பத்திரண்டில்.

“நாப்பத்தொண்ணு எங்களுது” என்றார் சின்னதுரை.

“அப்ப நாங்க உங்களுக்குப் பின்னாடியா?” என்றார் காலனிக்காரர். “அது எப்பிடிங்க?”

கடைக்காரர் சமாதானம் செய்யப் பார்த்தார். “அண்ணே, அது சும்மா நம்பர்ணே.”

“சும்மான்னா நீ அவங்களுக்கு நாப்பத்திரெண்டு குடு” என்றார் காலனிக்காரர்.

“அதான் நானும் சொல்றேன், அவங்களுக்குக் குடு!” என்றார் சின்னதுரை.

கடைக்காரர் உள்ளே போய், பெயர் தெரியாத கம்பெனியின் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்தார். “இத எடுத்துக்கினு போங்க. இந்தக் கம்பெனில எல்லாத்துக்கும் ஒரே நம்பருதான். அவனுக்கு எண்ண நேரமில்ல.” இரு தரப்பும் சீட்டைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். ஓர் எழுத்து வித்தியாசமில்லை. பேருந்தில் திரும்பும்போது இரு தரப்பும் ஒரே பொட்டலத்தில் மல்லாட்டை தின்றதாகத் தகவல் உண்டு, உறுதிசெய்ய முடியவில்லை.

முதல் ஒத்திகையில் தொம்மை சாருடைய கீபோர்டைச் சொருகினார்கள். லெஃப்ட் ரைட் கேட்டது. இருதயசெல்வியுடையதைச் சொருகினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கட்டைகளை அழுத்தினார், டக் டக்கென்று கட்டைச் சத்தம் மட்டும் வந்தது. “மிஷினுக்கே தெரியுது பாரு” என்று மேலத்தெருப் பக்கம் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அடுத்த ஒத்திகைக்குக் காலனிக்காரர்கள் முன்னதாகவே வந்து தங்களுடையதை முதலில் சொருகிவிட்டார்கள். இப்போது தொம்மை சார் ஊமை. அதற்கடுத்த ஒத்திகைக்கு மேலத்தெரு இளைஞர்கள் மத்தியானமே வந்து ஒயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜூட் சாமி சவுரிராயனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

சவுரிராயன் பார்த்தார். சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு தமக்குரிய வழக்கு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், பேரவை முழுவதையும் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார்.

“சாமி, சொருகின ஒடனே இது மூணு விஷயம் சொல்லும். எந்தக் கம்பெனி, இன்னா மாடலு, இன்னா நம்பரு. இதுங்க ரெண்டும் மூணையும் ஒரே மாதிரி சொல்லுது. மிஷினு இன்னா நெனைக்கிது? ‘இந்த ஆளுதான் ஏற்கெனவே உள்ள குந்திக்கினு கீறானே, மறுபடி யாரு வாசல்ல’ன்னு ரெண்டாவதா வர்றத வெளிய நிக்க வச்சிடுது. மிஷினப் பொறுத்த வரைக்கும் ரெண்டும் ஒண்ணு.”



“டேய் சவுரி” என்றார் சின்னதுரை. “எது எதோட ஒண்ணுங்கிற?”

“கீபோர்டுங்க. கீபோர்ட சொன்னேன்.”

“அத மொதல்ல சொல்லு.”

“யாரு சொன்னாலும் சரி” என்று காலனிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது, “ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ற ஒரே ஆளு இந்த ஊர்ல அந்த டப்பாதான்.”

“அத சரி பண்ணு” என்று சின்னதுரை உத்தரவிட்டார். ஜூட் சாமி அதை நல்ல தமிழில் தீர்மானமாக்கினார்: இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணினிக்கு உணர்த்த ஆவன செய்வது.

இப்படியாக, எந்தப் பக்கம் என்று கேட்காத காரணத்தினாலேயே எந்த மிஷினைப் பதினெட்டு வருடம் கும்பிட்டாரோ, அதற்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு சவுரிராயனுக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, “என்னால முடியாது செல்வி, மனசு வரல” என்றார்.

“வரலன்னா?”

“அது ஒண்ணுதான் யாரையும் பிரிச்சிப் பாக்காம இருந்துது.”

“அதான் பாக்கலயே, எனுத ஊமையாக்கி வச்சிக்கிது” என்றார் இருதயசெல்வி. “ஒண்ணுன்னு சொல்லிட்டு ஒருத்தர மட்டும் உள்ள வுட்டா அதுக்குப் பேரு இன்னா? திருவிழாவுக்கு யார மொதல்ல சொருகுவாங்க, அத சொல்லு. தொம்மை சார. பெரியவரு, மரியாதைன்னுவாங்க. நான் வாசிக்கணும்யா. நீ மிஷினுக்கு எதுனா கத்துக்குடு, கத்துக்குடுக்காம போ. எனக்குச் சத்தம் வரணும்.”

சத்தம் வரவைக்க வழி இருந்தது. விண்டோஸின் வயிற்றுக்குள் ஒரு வரி சேர்த்தால் போதும்: இந்தக் கம்பெனியின் பொருள் சொல்லும் நம்பரை நம்பாதே; எந்தத் துளையில் சொருகியிருக்கிறது என்று பார்த்து அடையாளம் வைத்துக்கொள். அப்படிச் செய்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். தன்னைப் பற்றி அது சொல்வது செல்லாது, எங்கே சொருகப்பட்டது என்பதே செல்லும். கடல் கடந்து எங்கேயோ உட்கார்ந்து இந்த வசதியை எழுதி வைத்தவர்களுக்குச் சலேத்துக்குப்பத்தின் நடைமுறை எப்படித் தெரிந்தது என்பது ஆராய்ச்சிக்குரியது. சவுரிராயன் வரியைச் சேர்த்தார். சேர்த்துவிட்டு, திரையை ஒருமுறை துடைத்தார். அதில் தூசி இல்லை.

அடுத்த பிரச்சினை துளைகளிலேயே இருந்தது. சிபியுவின் முதுகில் அவை ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. மேல் துளை மேலத்தெருவுக்கு என்று சின்னதுரை சொல்லி முடிப்பதற்குள் காலனிக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். சவுரிராயன் சிபியுவைப் படுக்கப் போட்டார். இப்போது துளைகள் பக்கம் பக்கமாக வந்தன. அப்படியானால் வலப்பக்கம் யாருக்கு என்றார்கள். பீடத்திலிருந்து பார்த்தால் காலனிக்கு, சபையிலிருந்து பார்த்தால் மேலத்தெருவுக்கு என்றார் ஜூட் சாமி. குருமடத்தில் படித்தது அவருக்குப் பயன்பட்ட சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

அன்று எல்லோரும் போன பிறகு சின்னதுரை சவுரிராயனைத் தோள்மேல் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். அந்தக் கை அந்தத் தோளுக்கு வந்தது அதுவே முதல் முறை.

“தம்பி, இப்ப ரெண்டுக்கும் தனித்தனியா சத்தம் வைக்கலாமில்ல?”

“வைக்கலாம்ங்க.”

“எங்களுது முழுசா வை. உங்களுது கொஞ்சம் கொறச்சி வை. நிறுத்திடாத, அது பாவம். வாசிக்கிறது தெரியணும், கேட்கக் கூடாது. புரியுதா?”

இந்த இடத்தில் வரலாற்று நாயகர்கள் மறுத்துப் பேசுவார்கள். சவுரிராயன் தோளைப் பார்த்தார். கை இன்னும் அங்கேயே இருந்தது. உள்ளே போய், மேலத்தெருத் துளைக்கு நூறும் காலனித் துளைக்கு முப்பதும் வைத்தார்.

ஒத்திகையில் இருதயசெல்வியின் வாசிப்பு பக்கத்து ஊர்க் கோயிலிலிருந்து வருவது போலக் கேட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், “ஏன்யா எனக்குச் சத்தம் அவ்ளோ தூரமா வர்து?” என்றார்.

“ஒயரு நீட்டு செல்வி. போற வழில கொறைஞ்சிடும்.”

 பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு, புருஷன் எப்போது பென் டிரைவின் வாய் சொல்வது போலப் பேசுகிறார், எப்போது உள்ளே இருக்கும் சிப் சொல்வது போலப் பேசுகிறார் என்பது தெரியும். எந்தத் துளைக்கு எத்தனை வைத்திருக்கிறார் என்பதை மட்டும் தூங்குவதற்கு முன் ஒரு வார்த்தையில் வாங்கிவிட்டார். “முப்பதா?” என்றார். “எனக்கா?” அதற்கப்புறம் மூன்று நாள் அவர் வீட்டுக் குழம்பிலும் உப்பு முப்பது சதவீதம்தான் இருந்தது.

திருவிழா அன்று காலையில், பீடத்துக்குப் பூ வைக்கிற முறை தம்முடையது என்று சொல்லி இருதயசெல்வி எல்லோருக்கும் முன்னால் கோயிலுக்குப் போனார். பூவும் வைத்தார். கம்ப்யூட்டர் மேஜையில் ஒரு சாமந்தி உதிர்ந்து கிடந்ததைப் பிறகு சவுரிராயன் மட்டும் கவனித்தார். கவனித்தபோது கூட்டம் நிறைந்து, ஆயரின், அதாவது பிஷப்பின், பிரதிநிதியாக வந்த பெரிய சாமியார் பீடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வானவர் கீதம் என்ற பூசைப் பாட்டு தொடங்கியது. தொம்மை சார் தோளை உயர்த்தி முதல் கட்டையை இடித்தார். ஸ்பீக்கரிலிருந்து லெஃப்ட் ரைட் வரவில்லை. தண்ணீர் மடை திறந்தது போல வேறொன்று வந்தது. வளைந்தது, நின்றது, பாட்டு மூச்சு வாங்கும் இடத்தில் தானும் மூச்சு வாங்கியது. மேலத்தெருப் பக்கத்தில் கிழவர்கள் தலை நிமிர்ந்தார்கள். கை வீசி நடப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து சவுரிராயன் ஒயர்களை எட்டிப் பார்த்தார். மிஷின் துளையைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காணும் என்பது ஊரில் இரண்டு பேருக்குத் தெரியும். இரண்டாவது ஆள் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் சொருக ஒரு சாமந்தி உதிரும் நேரம் போதும்.

தொம்மை சார் அரை நிமிடத்தில் புரிந்துகொண்டார். விரல் நிற்கவில்லை; தன் சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்க, மேலே வேறு யாரோ வாசிக்க, அவர் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த இருதயசெல்வியின் கையைப் பார்த்துப் பார்த்துத் தன் கையை நகர்த்தினார். டிரில் மாஸ்டரல்லவா, முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்வது அவருக்குப் புதிதில்லை.

பூசை முடிந்ததும் பெரிய சாமியார் தொம்மை சாரைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்த வயசுல இப்படி ஒரு கையா!” என்றார். சின்னதுரை சிவப்புக் கரை போட்ட பொன்னாடையை எடுத்து தொம்மை சாருக்குப் போர்த்தினார். கைதட்டல் இரு பக்கமும் எழுந்தது. காலனிப் பக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள். அவர்களுக்கு இருதயசெல்வியின் கையைத் தெரியும், சிரிப்பை அடக்க வேறு வழியில்லை.

“யாரு வாசிச்சாங்களாம்?” என்று சவுரிராயன் வீட்டில் கேட்டார்.

“தொம்மை சாரு” என்றார் இருதயசெல்வி. “நல்லாத்தான் வாசிச்சாரு. நடுவுல ஒரு எடத்துல எனக்கே விரல் வழுக்கிச்சு, அதையும் வழுக்குனாரு பாவம்.” சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. “கேட்டுதில்ல, யோவ்? கடைசி வரைக்கும் கேட்டுதில்ல?”

“கேட்டுது.”

“பேரு கேக்கல.”

ஒரு வாரம் கழித்துத் தொம்மை சார் கடைக்கு வந்தார். மேலத்தெருக்காரர் ஒருவர் தம் சிபியுவைத் தாமே சுமந்துகொண்டு கூட்ரோடு வரை வந்தது கடையின் சரித்திரத்தில் புதிது. பொன்னாடையில் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தார். மேஜைமேல் வைத்துவிட்டு, பல் வைத்தியரின் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சவுரி, அந்த ஒயருங்க...”

“மாத்திடறேன் சார். தெரியாம நடந்துபோச்சி. இன்னிக்கே மாத்திடறேன்.”

“மாத்தாதப்பா! எவன் மாத்தச் சொன்னான்?” என்று பதறினார். “கீறபடியே இருக்கட்டும். அடுத்த வருசம் நான் வேற மாதிரி வாசிச்சா ஊரு இன்னா கேக்கும்?” கொஞ்சம் தயங்கினார். “அந்த அம்மா எந்தப் பாட்ட எந்தக் கட்டைல எடுப்பாங்கன்னு முன்னாடியே சொல்லிட்டா கையி கரெக்டா போகும்.”

“சரிங்க சார். சிபியு இன்னா கோளாறு?”

“ஒண்ணுமில்ல” என்றார் தொம்மை சார். மூட்டையை அவிழ்த்து சிபியுவை மட்டும் தூக்கிக்கொண்டார். “துணி இருக்கட்டும். தூசி படாம எதுமேலயாவது போடு.” அவர் அளவுக்கு அதுவே அதிகம்.

இருதயசெல்வி பொன்னாடையைப் பிரித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பீரோவில் வைக்கவில்லை. அடுத்த வருடம் திருவிழாவுக்கு முந்தைய ஒத்திகையில், இரு தெருவும் கூடியிருந்தபோது, அதைத் தம் கீபோர்டின்மேல் நாலு பக்கமும் தொங்கும்படி விரித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

சின்னதுரையின் பார்வை அதன்மேல் விழுந்தது. சிவப்புக் கரை. அவர் கையால் போர்த்தியது.

“தொம்மை, அது நான் உனக்குப் போட்ட பொன்னாடை இல்ல?”

 தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இருதயசெல்வி டம்ளரை இறக்காமல் நின்றார். சவுரிராயன் சிபியுவுக்குப் பின்னால் குனிந்து, அங்கே இல்லாத எதையோ தேடினார். தொம்மை சார் பொன்னாடையைப் பார்த்தார், சின்னதுரையைப் பார்த்தார், தமது விரல்களைப் பார்த்தார்.

“எனுது வூட்ல கீது” என்றார். “இது வேற. ஒரே கடைல வாங்கினதா இருக்கும். ரெண்டும் ஒண்ணுதான், வித்தியாசம் கெடையாது.”

சலேத்துக்குப்பத்தில் மேலத்தெருக்காரர் ஒருவர், இரண்டும் ஒன்றுதான் என்று கோயில் நடுவே எழுந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அது பச்சைப் பொய் என்பதால் சின்னதுரை உட்பட எல்லோரும் உடனே நம்பினார்கள்.

இருதயசெல்வி வந்து பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சார், ஒயரு வழக்கம்போலத்தான?” என்று கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து சத்தமாகக் கேட்டார்.

“வழக்கம்போலத்தாம்மா” என்றார் தொம்மை சார், தலையை நிமிர்த்தாமல். “நீங்க ஆரம்பிங்க. நான் பின்னாடியே வர்றேன்.”